நீளமான கிலோமீட்டர்

அந்த நெடுஞ்சாலையில் அறுபத்தொன்று என்று எழுதிய கிலோமீட்டர் கல் இரண்டு இருந்தது. ஒரு ரோட்டுக்கு ஒரு அறுபத்தொன்று போதாதா என்று யாராவது கேட்டால் அதிகாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு கல்லுக்கும் நடுவே முந்நூற்று நாற்பது மீட்டர். அந்த ரோட்டில் வேலை செய்கிற மேஸ்திரி அளவுச் சக்கரம் உருட்டி அளந்து பார்த்தவள். ஒரு தடவை அல்ல, ஏழு தடவை.

விஷயம் இதுதான். தலைநகரத்தில் கிளம்பி, வயலும் பொட்டலும் தாண்டி, மலையடிவாரத்துக் கடைசி ஊர் வரைக்கும் போகிற ரோடு அது. அறுபத்தொன்றாவது கல் வரைக்கும் தலைநகரக் கோட்டத்தின் பொறுப்பு. அங்கிருந்து கடைசி ஊர் வரைக்கும் வெளிக்கோட்டம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்துக்குள் ரோட்டை அகலப்படுத்தினார்கள். குறுக்கே ஒரு பெரிய இடத்து மதில் சுவர் வந்தது. ஏழை வீடென்றால் ஒரே நாளில் தரைமட்டம் ஆகியிருக்கும். பெரிய இடம் என்பதால் ரோடே பணிவாக வளைந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வளைவில் ரோடு முந்நூற்று நாற்பது மீட்டர் கூடிவிட்டது. தலைநகரக் கோட்டத்துக்காரர்கள் மறுபடி அளந்து, வளைவுக்கு அப்புறம் இருந்த கல்லையெல்லாம் பிடுங்கித் தலைநகரத்துப் பக்கமாகத் தள்ளி நட்டார்கள். எல்லையில் இருந்த அறுபத்தொன்று வெளிக்கோட்டத்துக் கல் என்பதால் அதைத் தொடாமல், தங்களுக்குப் புதிதாக ஒரு அறுபத்தொன்று நட்டுக்கொண்டார்கள். நீங்களும் தள்ளிக்கொள்ளுங்கள் என்று வெளிக்கோட்டத்துக்கு எழுதினார்கள். இங்கே ஆள் இல்லை என்று பதில் போனது. அதோடு சரி.

ஆக, அங்கே ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சுவர் பிழைத்தது, இங்கே முந்நூற்று நாற்பது மீட்டர் ரோடு அநாதையானது. பதினோரு வருஷமாக அதில் ஒரு சட்டி தார் விழவில்லை. தலைநகரத்துக்காரர்கள் தங்கள் கல்லுக்கு நேராக ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தார் போட்டு நிறுத்துவார்கள். பஸ் அந்தக் கோட்டைத் தாண்டினதும் கண்டக்டர், "எல்லாரும் பல்லைப் பிடிச்சுக்குங்க" என்பார். அது தினப்படி ஜோக். சிரிக்கக்கூட முடியாது, நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டி வரும்.

மேஸ்திரி வெளிக்கோட்டத்தில் சாலைப் பணியாளர் கூட்டத்துக்குத் தலைவி. அவளுக்குக் கீழே ஆறு பேர். இரண்டாவது அறுபத்தொன்றிலிருந்து எழுபத்துநாலு வரைக்கும் அவள் ரோடு. இருபத்திரண்டு வருஷமாகக் குழி அடைத்து, ஓரம் வெட்டி, மழைத்தண்ணீருக்கு வழி விட்டு, அந்தப் பதிமூன்று கிலோமீட்டரைத் தன் வீட்டு வாசலைப் போல வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் ஒன்றுதான்: கல்லைத் தாண்டி ஒரு மண்வெட்டி மண் போடக் கூடாது. ஜல்லியும் தாரும் டீசலும் கிலோமீட்டர் கணக்கில்தான் வரும். கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தால் வேலை, அந்தப் பக்கம் இருந்தால் குற்றம்.

இந்த வருஷ மழையில் அநாதை ரோட்டின் நடுவில் இருந்த சின்ன மதகு இடிந்து விழுந்தது. பழைய கருங்கல் மதகு. ஒரு ராத்திரி வெள்ளத்தில் பலகைக் கல் நாலும் போய், ரோட்டுக்குக் குறுக்கே பன்னிரண்டு அடிப் பள்ளம். பஸ் தலைநகரத்திலிருந்து, வழியில் இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்து, அங்கேயே திரும்பிப் போக ஆரம்பித்தது. திரும்ப இடம் அங்கேதான் உண்டு. பங்கிலிருந்து பள்ளம் மூன்று கிலோமீட்டர். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்பது ஊர்.

அந்த ஒன்பதில் முதல் ஊரில், ரோட்டோரத்தில் ஒரு பஞ்சர் கடை. அதை நடத்துபவர் மேஸ்திரியின் கணவர். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அந்த வீட்டின் மகாராணி மேஸ்திரியின் மூத்த நாத்தனார்.

நாத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் இருபது வருஷமாக ஒத்துப்போனதே இல்லை. மேஸ்திரி உள்ளே நுழைந்தால் "வந்துட்டா, ரோட்டுக்கு வாக்கப்பட்டவ" என்பாள். துணி துவைத்தால் தார் நாற்றம் என்பாள், வீடு பெருக்கினால் மூலையை விட்டுவிட்டாய் என்பாள். அதை எல்லாம் மேஸ்திரி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள். போன வருஷம் நாத்தனாருக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும். இரண்டு தடவை தவறினால் ஆளே தங்க மாட்டாள் என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

காலை ஏழு மணி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் வருவாள். மதகு விழுந்த பிறகு, அவள் தம்பி, அதாவது மேஸ்திரியின் கணவர், சைக்கிளில் பள்ளம் வரை கொண்டுபோய் விடுவார். அங்கே இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்து, அக்கரை ஏறி, மூன்று கிலோமீட்டர் நடை. வரும்போதும் அதே நடை, அதுவும் உடம்பில் இருந்த தெம்பையெல்லாம் மெஷின் உறிஞ்சின பிறகு. பங்கில் நிற்கும் ஆட்டோக்காரர், போனால் திரும்பச் சவாரி கிடைக்காது என்று வர மாட்டார். தலைநகரத்திலேயே யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டபோது நாத்தனார் எரிந்து விழுந்தாள். "எவன் வீட்டு மூலையில போய் நான் உக்கார்றது? எனக்கு மூலை கிடையாதா?"

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. தன் கோட்டத்து ஆபீஸுக்குப் போனாள். "அந்த இடம் நம்ம பதிவேட்டிலேயே இல்லம்மா" என்றார்கள். தலைநகரக் கோட்டத்து ஆபீஸுக்குப் போனாள். "எங்க கல்லு முடிஞ்சு போச்சு, அதுக்கு அப்புறம் உங்க பாடு" என்றார்கள். பஸ் டிப்போ மேனேஜரிடம் போனாள். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். ஊர்க்காரர்களே சேர்ந்து பள்ளத்தை அடைத்தால் பஸ் விடுவீர்களா என்று கேட்டாள்.

"அடைச்சாலும் விட முடியாதும்மா. அது எந்தக் கோட்டத்து ரோடோ அந்தக் கோட்டத்து இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட காயிதம் ஒண்ணு வேணும். இங்க மதகு கட்டியிருக்குன்னு. இல்லாம பஸ்ஸை இறக்கினா என் வேலை போயிடும்."

"யார் கோட்டமும் இல்லையே சார்."

"அதான் பாருங்க" என்று அவர் இரண்டு கையையும் விரித்தார்.

இப்படி ஐந்து வாரம் போனது. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது புடவை இடுப்பு வரைக்கும் சேறு. அக்கரையில் இறங்கும்போது வழுக்கி விழுந்திருந்தாள். ஊசி குத்தின கையில் பிளாஸ்திரி பிய்ந்து ரத்தம் ஒழுகியிருந்தது. சமையல்கட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இனிமே நான் போகப் போறதில்ல" என்றாள். திட்டுகிற குரல் இல்லை.

"அண்ணி, ரெண்டு தடவை விட்டா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரே."

"எனக்குக் கிட்னிதான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். நடக்க முடியல. விட்டுடு."

தம்பி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி அழவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். இருபது வருஷமாகத் தன்னைக் கரித்துக் கொட்டின வாய் இன்றைக்கு 'விட்டுடு' என்கிறது. யாரோ ஒருவன் வீட்டுச் சுவர் நோகக் கூடாது என்பதற்காக இந்த மனுஷி சாக வேண்டுமா? இரண்டு கல்லுக்கு நடுவில் இவளைத் தொலைத்துவிட்டுக் கைகழுவப் பார்க்கிறார்களா? ரத்தத்தைத் துடைத்து, புதுப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"அண்ணி, வர்ற திங்கக்கிழமை ஒரே ஒரு தடவை போங்க. அதுக்கு அடுத்த வியாழன் பஸ் நம்ம வாசலுக்கு வரும்."

"எப்படி வரும்? பறந்தா?"

"உருண்டுதான் வரும். ஒரே ஒரு தடவை."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு தடவை. அப்புறம் கேக்கக் கூடாது."

மறுநாள் காலை எட்டு மணி. மேஸ்திரியின் கூட்டம் வழக்கம்போல இரண்டாவது அறுபத்தொன்றாம் கல்லடியில் கூடியது. வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கின பெண் அன்றைய செய்தியை ஆரம்பிப்பதற்குள் மேஸ்திரி கடப்பாரையை எடுத்துக் கல்லின் அடியில் ஒரு போடு போட்டாள்.

ரேடியோ நின்றுவிட்டது. அது அபூர்வம்.

"என்னக்கா பண்றீங்க?"

"கல்லைத் தாண்டி வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம். சரி, தாண்ட வேணாம். கல்லை எடுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் நட்டுட்டா?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலைத் துறையில் கிலோமீட்டர் கல்லைத் தொடுவது என்பது கோயில் சிலையைத் தொடுகிற மாதிரி. பெயின்ட் அடிக்கலாம், சுற்றிப் புல் செதுக்கலாம். அசைக்கக் கூடாது.

"நான் தனியாத்தான் தோண்டுறேன். கேட்டா நான்தான்னு சொல்லுங்க. பயமிருக்கிறவங்க அறுபத்தெட்டுல போய் ஓரம் வெட்டுங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

யாரும் போகவில்லை. ரேடியோவின் தங்கை பிரசவத்துக்கு அதே பள்ளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், இன்னும் பத்து நாளில். அவள் இரண்டாவது கடப்பாரையை எடுத்தாள். "தனியாவாம் தனியா. இந்தக் கல்லு உங்க ஒருத்திக்கு அசையுமா? நகருங்க."

இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நட்ட கல். பதினொரு மணிக்குத்தான் அசைந்தது. கயிறு கட்டி, கட்டை கொடுத்து, ரோலர் ஓட்டுகிறவர் டிராக்டரைப் பின்னால் நகர்த்தி, டிரெய்லரில் ஏற்றினார்கள். பட்டப்பகலில், ரோட்டில் போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்க, முந்நூற்று நாற்பது மீட்டர் தூரம் கல்லை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பள்ளத்துக்கு அருகே டிராக்டர் நின்றதும் கல்லை உருட்டிச் சேற்றில் இறக்கி, அக்கரைக்கு இழுத்து, முதல் அறுபத்தொன்றுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி நட்டார்கள். இரண்டு அறுபத்தொன்றும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றது. ஒன்று தலைநகரத்தைப் பார்த்தது, ஒன்று ஊர்களைப் பார்த்தது. இப்போது அறுபத்தொன்றிலிருந்து அறுபத்திரண்டு வரைக்கும் ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர். எந்த நாட்டிலும் அவ்வளவு நீளமான கிலோமீட்டர் இருந்திருக்காது.

"இப்ப இது நம்ம ரோடு" என்றாள் மேஸ்திரி. "சட்டப்படி வேலை செய்வோம்."

அறுபத்தாறாவது கிலோமீட்டரில் துறையின் சாமான் கிடங்கு. அங்கே பெரிய சிமெண்டுக் குழாய் எட்டு ஒன்றரை வருஷமாகக் கிடந்தது. எங்கேயோ ஒரு மதகுக்கு என்று வந்து, அந்த மதகு வேண்டாம் என்று ஆகி, குழாய்க்குள் புல் முளைத்து, ஒரு நாய் குட்டியும் போட்டிருந்தது. குட்டிகளைச் சாக்கில் வைத்து நகர்த்திவிட்டு, பலகை சாய்த்து, குழாயை ஒவ்வொன்றாக டிரெய்லரில் ஏற்றினார்கள். பள்ளத்தில் தண்ணீரைத் திருப்பிவிட்டு, சேறு வாரி, கெட்டித் தரை வரும் வரைக்கும் தோண்டி, சரளை பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கினார்கள். மேஸ்திரி ஒரு நூல் அளவுகூட விட்டுக்கொடுக்கவில்லை. ஊரிலிருந்து ஆண்களும் பெண்களும் தானாக வந்து பாண்டுச் சட்டியைத் தூக்கினார்கள். பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டுக் கணவரும் வந்தார்.

"வேலை போயிடும் உனக்கு" என்றார் காதோரம்.

"போகட்டும். உங்க அக்கா போகக் கூடாதில்ல?"

அவர் குனிந்து மண் வாரினார்.

திங்கட்கிழமை காலை நாத்தனார் வந்தபோது குழாய் இரண்டு வரிசை இறங்கியிருந்தது, மண் மூடவில்லை. ரேடியோவும் இன்னும் மூன்று பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு குழாய்களின் மேலேயே அக்கரைக்குப் போனார்கள். அங்கே கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஆட்டோவை வரவழைத்திருந்தாள் மேஸ்திரி. நாற்காலியில் போகிறபோதே நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"ஏய், அந்த மூணாவது பைப்பு கோணலா இருக்கு."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி."

"எனக்குக் கண்ணும் நல்லாத்தான் இருக்கு. கோணல்."

அவள் போன பிறகு மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல்கடை கோணல். வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு நிமிர்த்தி வைத்தாள். பிறகு குழாயைச் சுற்றி மண் இடித்து, அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, இரண்டு முனையிலும் கற்சுவர் எழுப்பினார்கள். ஊர்க்காரர்கள் முந்நூற்று நாற்பது மீட்டரிலும் குழி அடைத்து ஜல்லி பரப்ப, செவ்வாய் மத்தியானம் அதன் மேலே தார் விழுந்தது. பதினோரு வருஷம் கழித்து அந்த இடத்தில் விழுந்த முதல் தார்.

அது ஆறுவதற்குள் இன்ஜினியர் ஜீப் வந்து நின்றது. வெளிக்கோட்டத்துச் சின்ன இன்ஜினியர், இந்தப் பக்கம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கெட்டவர் இல்லை, மேலிடம் என்றால் மட்டும் கை உதறும். இறங்கினார். கல் இருந்த இடத்தில் குழியைப் பார்த்தார். நடந்து வந்து புது மதகைப் பார்த்தார். இன்னும் நடந்து போய் முதுகு ஒட்டி நின்ற இரண்டு கல்லையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மேஸ்திரி, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா?"

"மதகு கட்டியிருக்கோம் சார்."

அவர் ஓடைக்குள் இறங்கினார். குழாயின் இணைப்பைத் தடவிப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார், மேலே ஏறி ரோலரை இரண்டு தடவை போகச் சொல்லிக் குனிந்து பார்த்தார். ஒரு விரிசல் இல்லை, ஒரு இறக்கம் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா இது பெரிய தப்பு. ஒண்ணு பண்ணுங்க. சத்தம் போடாம கல்லைப் பழைய இடத்துல நட்டுடுங்க. நான் எதையும் பாக்கல. அதோட முடிஞ்சது."

மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். ரேடியோ கும்பிடவே போய்விட்டாள். மேஸ்திரி மட்டும் அசையவில்லை.

"நீங்க பாத்தாச்சு சார். எனக்கு மெமோ கொடுங்க."

"என்னது?"

"மெமோ. அனுமதி இல்லாம வேலை செஞ்சேன்ல? எழுதிக் கொடுங்க."

இன்ஜினியருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மெமோ கொடுக்காதீர்கள் என்று காலில் விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். கொடு என்று மல்லுக்கு நிற்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார். "உங்களுக்கு என்ன பைத்தியமா? சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். பதினோரு வருஷமா இந்த ரோட்டைப் பத்தி உங்க ஆபீஸ்ல ஒரு துண்டுக் காயிதம் கிடையாது. மதகு விழுந்துச்சுன்னு எழுதச் சொன்னேன், எழுதல. ஜனங்க சேத்துல நடக்கிறாங்கன்னு எழுதச் சொன்னேன், எழுதல. சரி, நான் தப்பு செஞ்சேன்னாவது எழுதுங்க. கல்லைத் திருப்பி நட மாட்டேன். நட்டா நாளைக்கே இது யார் ரோடும் இல்ல. மதகும் யார் மதகும் இல்ல. பஸ்ஸும் வராது. வீட்டுல ஒருத்தி வியாழக்கிழமைக்குக் காத்துக்கிட்டிருக்கா."

குரல் ஏறிவிட்டது. ஊர்க்காரர்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. இன்ஜினியருக்கும் கோபம் வந்தது. ஜீப்பிலிருந்து படிவக் கட்டை எடுத்து வந்து பானெட் மேல் வைத்து விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார். பேர், பதவி, கூட்ட எண். அடுத்த கட்டம், 'சம்பவ இடம், கிலோமீட்டர்.'

ரோட்டு வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தாலும் முதலில் கண் கல்லுக்குப் போகும், பிறகுதான் பேனா தாளுக்கு வரும். அவர் தலையைத் தூக்கினார். கல்லைப் பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கிழித்து நீட்டினார்.

மேஸ்திரி வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நமது கோட்டத்துக்கு உட்பட்ட நெடுஞ்சாலையில், கிலோமீட்டர் அறுபத்தொன்று முதல் அறுபத்தொன்று முந்நூற்று நாற்பது வரை, முன் அனுமதியின்றிக் குழாய் மதகு கட்டிச் சாலையைச் சீரமைத்த குற்றத்துக்காக..."

படித்து முடித்ததும் கூட்டத்தில் யாரோ கையைத் தட்டினார்கள். இன்ஜினியர் திடுக்கிட்டார். 'நமது கோட்டத்துக்கு உட்பட்ட.' தன் கையாலேயே எழுதியிருக்கிறார்.

"அதைக் கொடுங்க மேஸ்திரி. திருத்தித் தர்றேன்."

"எப்படி சார் திருத்துவீங்க? அறுபதுன்னு போட்டா அது தலைநகரத்து ரோடு, அங்க நடந்ததுக்கு நீங்க மெமோ போட முடியாது. அறுபத்தொண்ணுன்னு போட்டா நம்ம ரோடு. வேற நம்பர் இருந்தா சொல்லுங்க, நானே எழுதித் தர்றேன்."

அவர் முதல் கல்லைப் பார்த்தார், இரண்டாவது கல்லைப் பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கறுப்பாகப் பளபளத்த புதுத் தாரையும், அதற்கு அந்தப் பக்கம் நின்ற ஜனங்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜீப்புக்குள் கையை விட்டு ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார்.

"கொடுங்க. சீல் இல்லன்னா டிப்போல ஒத்துக்க மாட்டாங்க."

இவருக்குள்ளும் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான் என்று மேஸ்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது. சீல் விழுந்த சத்தம் அவளுக்கு ரோலர் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"சஸ்பென்ஷன் வரும். அதை என்னால தடுக்க முடியாது" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"நீங்க தடுக்க வேணாம் சார். நான் வாங்கிக்கிறேன்."

புதன்கிழமை காலை டிப்போ மேனேஜர் மெமோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "அம்மா, இது உங்களைத் திட்டி எழுதின காயிதம்."

"ஆமா சார். யாரு எழுதியிருக்காங்க, எந்தக் கோட்டம்னு எழுதியிருக்காங்க, என்ன கட்டினேன்னு எழுதியிருக்காங்க, அதை மட்டும் படிங்க."

மறுபடி படித்தார். கோட்டம் இருந்தது. மதகு இருந்தது. கையெழுத்தும் சீலும் இருந்தது. அவர் கேட்ட எல்லாமே அந்தத் திட்டுக்குள் இருந்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு நகல் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு, மறுநாள் ஏழு மணி வண்டிக்கு உத்தரவு போட்டார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே சஸ்பென்ஷன் ஆர்டரும் வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குப் பதினோரு வருஷம் எடுத்துக்கொள்கிற ஆபீஸ், இதற்கு ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம். விசாரணை முடியும் வரைக்கும் மேற்படி கிலோமீட்டரில் மேற்படியாள் கால் வைக்கக் கூடாது என்று அடியில் ஒரு வரி. கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாத்தனார் ஆர்டரை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள், மடித்துத் தன் ஆஸ்பத்திரிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ் பஞ்சர் கடை வாசலில் வந்து நின்றது. வேலைதான் இல்லையே, துணைக்குப் போகலாம் என்று மேஸ்திரியும் ஏறி, நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பஸ் நிரம்பி வழிந்தது. கடைசி ஊரில் இருந்துகூட ஜனங்கள் வந்திருந்தார்கள்.

மதகுக்குப் பத்தடி முன்னால் பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.

"எல்லாரும் இறங்கி நடந்து தாண்டிடுங்க. வரும்போது வெறும் வண்டியாத்தான் தாண்டி வந்தேன், இப்பவும் அப்படியே கொண்டுபோறேன். புது மதகு, லோடோட ஏத்தப் பயமா இருக்கு. டிப்போல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். நாலைந்து பேர் இறங்கியும் விட்டார்கள். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிப்போனது. தாங்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"நாங்க இறங்க மாட்டோம்."

டிரைவர் திரும்பினார். "ஏம்மா?"

நாத்தனார் பையிலிருந்து ஆர்டரை எடுத்து நீட்டினாள். "இவ இந்த ரோட்டுல கால் வைக்கக் கூடாது. இது கவர்மென்ட் ஆர்டர். நான் இந்த ரோட்டுல இனிமே ஒரு அடிகூட நடக்க மாட்டேன். இது என் ஆர்டர். அஞ்சு வாரம் நடந்தேன், போதும். வண்டியை எடு."

"அம்மா, மதகு தாங்கலன்னா?"

"இருபது வருஷமா என்னைத் தாங்கினவ கட்டினது. பஸ்ஸைத் தாங்காதா? எடு வண்டியை."

இறங்கினவர்களில் ஒரு கிழவர் மறுபடி படியேறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள். எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். ஒருத்தர்கூட இறங்குகிற மாதிரி தெரியவில்லை. சாவியைத் திருப்பினார்.

முன் சக்கரம் ஏறியது. பின் சக்கரம் ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை. பழக்க தோஷத்தில் "பல்லைப் பிடிச்சுக்குங்க" என்று ஆரம்பித்த கண்டக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முதுகு ஒட்டி நின்ற இரண்டு கல்லும் ஜன்னலில் வந்து, போனது. பஸ் தலைநகரத்து ரோட்டில் ஏறி வேகம் எடுத்தது.

மேஸ்திரிக்குக் கண் நிரம்பிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மடிமேல் பிளாஸ்திரி ஒட்டின கை ஒன்று வந்து, தார் படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"அந்த மூணாவது பைப்பை நிமித்தி வச்சியா இல்லையா?" என்றாள் நாத்தனார்.

"வச்சேன் அண்ணி."

"பின்ன. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.